"உன் உடம்பே ஏத்துக்கல" என்பது உண்மையா? கர்ப்பமும் எதிர்ப்புச் சக்தியும்: கேள்வி பதில்

கர்ப்ப காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி என்ன செய்கிறது என்று கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து எழுதுகிறேன். ரத்த வங்கியிலும் அதை ஒட்டிய லேபிலும் 23 வருடம் வேலை பார்த்தவள் நான். பிரசவம் பார்க்கும் டாக்டர் இல்லை. மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் கையில்தான்.

கேள்வி (சேலம்): அக்கா, அடுத்தவர் கிட்னியை வைத்தால் உடம்பு ஏற்பதில்லை. பாதி அப்பாவுடையதான குழந்தையை மட்டும் எப்படி ஏற்கிறது? எனக்கு இரண்டாம் மாதம் கலைந்தபோது "உன் உடம்பே ஏத்துக்கல" என்றார்கள்.

பதில்: முதலில் அந்தப் பேச்சை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோமில் நேர்ந்த பிழையால் கலைபவை. நீங்கள் சாப்பிட்டதாலோ நடந்ததாலோ அல்ல, உங்கள் உடம்பு விரட்டியதாலும் அல்ல.

நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் 1953ல் பீட்டர் மெடவார் என்ற விஞ்ஞானி கேட்டார். உறுப்பு மாற்றத்தில் உடம்பு ஏன் எதிர்க்கிறது என்று ஆராய்ந்து 1960ல் நோபல் பரிசு வாங்கியவர். தாயின் எதிர்ப்புச் சக்தி உறங்கிவிடுகிறதோ, குழந்தை ஒளிந்துகொள்கிறதோ என்றெல்லாம் அவர் யோசித்தார். ஒளிவது ஓரளவு உண்மை. கிட்னி மாற்றத்தில் பொருத்தம் பார்க்கிறார்களே, அந்த எச்எல்ஏ அடையாளங்களில் முக்கியமான ஏ, பி இரண்டையும் நஞ்சுக்கொடியின் வெளிச் செல்கள் காட்டுவதே இல்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தி உறங்குவதில்லை. மூன்றாம் மாதம் வரை கர்ப்பப்பையின் உள்சுவரில் இருக்கும் எதிர்ப்புச் செல்களில் பத்தில் ஏழு, 'இயற்கைக் கொல்லி' எனப்படும் என்கே செல்கள்தான். அவை அங்கே வேலை பார்க்கின்றன. என்ன வேலை என்பது அடுத்த பதிலில்.

கேள்வி (திண்டுக்கல்): முதல் பிரசவத்தில் எட்டாம் மாதம் பிபி ஏறி, சிறுநீரில் புரதம் போய், அவசர ஆபரேஷன். இதற்கும் எதிர்ப்புச் சக்திக்கும் தொடர்பு உண்டா? மறுபடி வருமா?

பதில்: தொடர்பு உண்டு, அதுவும் ஆரம்பத்திலிருந்தே. எட்டாம் மாதம் தெரிந்த பிரச்சினைக்கு விதை பெரும்பாலும் நாலு மாதத்துக்குள் விழுந்திருக்கும்.

கர்ப்பப்பைச் சுவரில் சுருள் சுருளாக மெல்லிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. குழந்தைக்கு ரத்தம் அவற்றின் வழியாகத்தான் வர வேண்டும். சாதாரணமாக அவை குறுகலானவை, சுற்றிலும் தசை இருப்பதால் இறுக்கிக்கொள்ளக் கூடியவை. சின்ன மடை வழியாகப் பெரிய வயலுக்குத் தண்ணீர் பாயுமா? மடையை அகலமாக வெட்ட வேண்டும். தாயின் என்கே செல்களும் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் செல்களும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. தசை கரைந்து, குழாய் புனல் மாதிரி விரிந்து, ரத்தம் நிதானமாகப் பாய்கிறது. இது பாதியில் நின்றால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. திணறும் நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் விடுகிறது. அவை தாயின் ரத்தக் குழாய்களைப் பழுதாக்கி பிபியை ஏற்றுகின்றன, கிட்னியைக் கெடுக்கின்றன. இதுதான் பிரீஎக்லாம்ப்சியா.

கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட் குழுவினர் 2004ல் கண்டதை இங்கே சொல்லியாக வேண்டும். தாயின் என்கே செல்களிடம் ஒருவகை வாங்கிகளும் (அடையாளத்தைத் தொட்டுணரும் புரதங்கள்), குழந்தையிடம் ஒருவகை எச்எல்ஏ-சி அடையாளமும் சேர்ந்து அமைந்தால் இந்த நோய் கூடுதலாக வருகிறது. அந்தச் சேர்க்கையில் என்கே செல்கள் தூண்டப்படுவதில்லை, அடக்கப்படுகின்றன. ஆவேசமாகத் தாக்கியதால் வந்த கெடுதல் இல்லை இது. வேலை செய்ய விடாமல் கையைக் கட்டியதால் வந்தது.

மறுபடி எல்லோருக்கும் வருவதில்லை, ஆனால் மற்றவர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு அதிகம். அதனால் அடுத்த முறை உண்டானது தெரிந்ததுமே டாக்டரிடம் பழைய கதையை முழுதாகச் சொல்லுங்கள். மடை வெட்டும் காலத்திலேயே, அதாவது 16 வாரத்துக்குள், குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவது பலன் தருகிறது. 2017ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வைக்கும் பிரீஎக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள். அப்புறம், பிபி 140/90ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முக வீக்கம் வந்தாலோ காலைவரை காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.

கேள்வி (சென்னை): மேடம், இரண்டு முறை கலைந்தது. ரத்தத்தில் என்கே செல் அதிகம் என்று சொல்லி, இன்ட்ராலிப்பிட் டிரிப்ஸும் கணவர் ரத்தத்திலிருந்து எடுத்த செல் ஊசியும் போடச் சொல்கிறார்கள். நகையை வைக்கலாம் என்றிருக்கிறோம்.

பதில்: நகையை வைக்காதீர்கள். கையில் எடுக்கும் ரத்தத்தில் உள்ள என்கே செல் வேறு, கர்ப்பப்பையில் உள்ளது வேறு. முன்னதை எண்ணி பின்னதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. "கொல்லி செல்" என்ற பெயரே பாதிப் பயத்தைக் கிளப்பிவிடுகிறது. இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்பு டிரிப்ஸ் போட்டு அவற்றை அடக்குவதால் நன்மை என்று நிரூபணம் இல்லை. அடங்கிப்போனால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

கணவரின் வெள்ளையணுக்களைச் செலுத்தும் ஊசியை 1999ல் முறையாகச் சோதித்தார்கள். போட்டவர்களுக்குக் குழந்தை தங்கியது கூடவில்லை, குறைந்தே இருந்தது. 2002ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஆய்வுக்கு வெளியே இதைப் போடக் கூடாது என்றது. நம் ஊரில் இன்னும் காசு வாங்கிக்கொண்டு போடுகிறார்கள் என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். குழந்தைக்காக ஏங்குபவரிடம் எதையும் விற்றுவிடலாம்.

கேள்வி (வேலூர் பக்கம்): மூன்று முறை கலைந்துவிட்டது. எங்களுக்கு உண்மையிலேயே பார்க்க வேண்டிய டெஸ்ட் எது?

பதில்: ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி. ஆன்டிபாடி என்பது எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் புரதம். இந்த வகை, சொந்த உடம்பையே எதிர்த்து ரத்தத்தை உறைய வைக்கும். இதனால் வரும் நோயை லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற டாக்டர் 1983ல் விவரித்தார். லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என்று மூன்று டெஸ்ட். ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது. காய்ச்சல் வந்துபோனாலும் தற்காலிகமாக ஏறும். 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். உறுதியானால் ஆஸ்பிரினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் கொடுப்பார்கள். 1997ல் வந்த ஓர் ஆய்வில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கும், இரண்டும் எடுத்தவர்களில் 71 சதவீதம் பேருக்கும் உயிருள்ள குழந்தை கிடைத்தது. வயிற்றுத் தோலில் தினமும் ஊசி என்பது கஷ்டம்தான், ஆனால் பலன் உள்ள கஷ்டம்.

கேள்வி (நாமக்கல்): நான் ஓ நெகட்டிவ், அவர் பாசிட்டிவ். முதல் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, ஊசி வேண்டாம் என்கிறார் மாமியார்.

பதில்: அத்தை சொல்வதில் பாதி உண்மை. முதல் குழந்தைக்குப் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை. ஊசி அடுத்த குழந்தைக்காக.

பிரசவத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் உங்கள் ரத்தத்தில் கலக்கும். அந்த பாசிட்டிவ் அணுக்களை உங்கள் உடம்பு பார்த்து, பழகி, நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த குழந்தை பாசிட்டிவாக இருந்தால், நஞ்சுக்கொடியைத் தாண்டக்கூடிய ஐஜிஜி ஆன்டிபாடிகள் போய் அதன் சிவப்பணுக்களை அழிக்கும். ஆன்டி-டி ஊசி அந்த நினைவு உண்டாகாமலே தடுக்கிறது. 1968ல் புழக்கத்துக்கு வந்தது. 28வது வாரம் ஒன்று, குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்து 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. நாலு, ஐந்து மாதத்தில் கலைந்தாலும் போட வேண்டும். 12 வாரத்துக்கு முன் கலைந்தால் தேவையா என்பதில் வழிகாட்டுதல்கள் இப்போது மாறிவருகின்றன, டாக்டரைக் கேளுங்கள்.

நினைவு உண்டாகிவிட்டதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைதான் ஐசிடி. எத்தனையோ ஆயிரம் முறை செய்திருக்கிறேன். கடைசியில் சோதனைக் குழாயின் அடியில் சிவப்பணுக்கள் ஒரு பொட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். குழாயை மெதுவாகத் தட்டுவேன். பொட்டு புகை மாதிரி கலைந்து எழுந்தால் நெகட்டிவ், நிம்மதி. கலையாமல் கட்டி கட்டியாகப் பிரிந்தால் பாசிட்டிவ். ஒரு மத்தியானம் அப்படிக் கட்டியாக வந்தது. இரண்டாவது முறை உண்டானவர். வேறு சாம்பிள் கேட்டு மறுபடி போட்டேன், அதேதான். முதல் பிரசவத்தில் ஊசி போடச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு அப்படியே அவர் பையில் மடித்திருந்தது. அந்த நிலைக்கு வந்த பிறகு ஊசி உதவாது. தயவுசெய்து 72 மணி நேரத்தைத் தவற விடாதீர்கள்.

கேள்வி (தேனி): மாமன் மகனைக் கட்டியிருக்கிறேன். ஒரே ரத்தம் என்பதால் உடம்பு குழந்தையை அடையாளம் தெரியாமல் விட்டுவிடும், அதனால் கலையும் என்கிறார்களே?

பதில்: எச்எல்ஏ ஒத்துப்போனால் கலைவது சற்று கூடுகிறது என்று தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் அமெரிக்காவின் ஹட்டரைட் சமூகத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் நம் பக்கம், வட ஆர்க்காட்டில் ராவும் இன்பராஜும் ஆராய்ந்து 1977ல் எழுதியதில், சொந்தத்தில் கட்டியவர்களுக்குக் கரு கலைவது குறிப்பிடும்படி அதிகமாக இல்லை. சொந்தத்தில் கட்டினால் வேறு கவலை உண்டு: பரம்பரை நோய்கள். அதற்கு மரபணு ஆலோசனை கேளுங்கள்.

கேள்வி (கோவை): எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட கர்ப்பத்தில் ஏதாவது பொடி, கஷாயம்?

பதில்: வேண்டாம். சுகாதார நிலையத்தில் போடச் சொல்லும் தடுப்பூசியைப் போடுங்கள். அந்த ஆன்டிபாடி குழந்தைக்கும் போய்ச் சேரும்.

கேள்வி (தஞ்சாவூர்): எனக்கு லூபஸ், ஆன்டி-ரோ பாசிட்டிவ். ஐந்தாம் மாதம். ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிறுத்திவிடட்டுமா? குழந்தைக்குப் போகுமே என்று பயம்.

பதில்: நிறுத்தாதீர்கள். லூபஸ் என்பது எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய். அதில் உண்டாகும் ஆன்டிபாடிகளில் ஒன்று ஆன்டி-ரோ. பயப்பட வேண்டியது மாத்திரைக்கு அல்ல, அந்த ஆன்டிபாடிக்கு. நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு அது இதயத் துடிப்பின் பாதையைப் பாதிக்கலாம். மீதி 98 பேருக்கு அப்படி வருவதில்லை. உங்களுக்கு இது சரியான நேரம். குழந்தையின் இதயத்துக்குத் தனியாக எக்கோ ஸ்கேன் எடுத்தாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே மூட்டுவாத டாக்டரிடமும் பிரசவ டாக்டரிடமும் கேட்டுத் தேதி வாங்கிவிடுங்கள்.