கணவன் மனைவியாக ஒரு புது ஊருக்குச் சுற்றுலா போனபோது, அந்த ஊர் முதலில் உங்களுக்கு எப்படித் தோன்றியது?

கேள்வியைப் படித்ததும் எனக்குக் கொல்கத்தாதான் ஞாபகம் வந்தது. 2024 டிசம்பர் கடைசியில் நானும் என் கணவரும் நான்கு நாள் விடுமுறைக்குப் போயிருந்தோம். இருவருக்குமே அந்த ஊர் புதிது. வங்க மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

ஹவுரா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தபோது மாலை நாலரை மணி. அவருக்கு முதலில் பட்டது சத்தம். ஹாரன், கூலிகளின் கூச்சல், கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைக்கும் டாக்ஸிக்காரர்கள். முகம் சுருங்கிவிட்டது. எனக்கு முதலில் பட்டது வெளிச்சம். ஊர் அவ்வளவு கிழக்கே இருப்பதால் டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. எதிரே ஹூக்ளி ஆறு, இடப்பக்கம் ஹவுரா பாலம், எல்லாமே செம்மண் நிறத்தில் இருந்தன.

அக்கரைக்குப் போக மெட்ரோ பிடிக்கலாம் என்றார் அவர். ஆற்றுக்கு அடியில் ரயில் போகிறது என்று படித்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. "படகு நிக்குது பாருங்க, இருட்டறதுக்குள்ள போயிடலாம்" என்று நான் சொல்ல, அரை மனதாக வந்தார். பாபுகாட் போகும் படகில் ஏறும்போது ஒரு பெரியவர் நகர்ந்து இடம் விட்டு, அவரை "தாதா" என்றும் என்னை "பௌதி" என்றும் கூப்பிட்டார். தாதா என்றால் அண்ணன் என்று தெரியும். பௌதி என்றால் அண்ணி என்று அன்று இரவு விடுதியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பின் தெரியாத ஊரில் முதல் அரைமணி நேரத்திலேயே அண்ணி ஆகியிருக்கிறேன்! அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அப்புறம் கவனித்தேன், நான் தனியாகக் கடைக்குப் போனால் "தீதி", அதாவது அக்கா. இவர் பக்கத்தில் நின்றால் உடனே பௌதி. எங்களைத் தம்பதியாகப் பார்த்து முறை வைத்துக் கூப்பிடும் ஊர் என்றுதான் கொல்கத்தாவை நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் விடிவதற்குள் மல்லிக் காட் பூச்சந்தை. பாலத்தின் காலடியிலேயே இருக்கிறது. செண்டுமல்லி மாலைகளைத் தேர்வடம் மாதிரி சுருட்டித் தலையிலும் தோளிலும் சுமந்துகொண்டு வருகிறார்கள். ஆள் தெரிவதில்லை, மஞ்சளும் ஆரஞ்சும்தான் நகர்ந்து வருகிறது. தரையெல்லாம் சேறும் மிதிபட்ட பூவும். ஒரு மாலையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நாம் மல்லிகையைக் கட்டுகிற மாதிரி முடிச்சுப் போட்டுக் கட்டியதில்லை. ஒவ்வொரு பூவையும் ஊசியால் நடுவில் குத்திக் கோர்த்திருந்தார்கள். விரலால் தள்ளினால் பூ நூலில் வழுக்கியது.

அங்கிருந்து படியேறிப் பாலத்துக்கு வந்தோம். இவர் முகம் மாறியது இங்கேதான். 1943-ல் திறந்த பாலம், ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை, நட்டு போல்ட்டும் கிடையாது, முழுக்க ரிவெட் என்கிற தறையாணி அடித்தே இணைத்திருக்கிறார்கள். வண்டிகள் ஓடும் தளம் மேலேயிருந்து தொங்குகிறது. பஸ் ஒன்று கடந்தபோது உள்ளங்காலில் லேசாக அதிர்வு ஏறியது. "ஆடுதுங்க" என்று அவர் கையைப் பிடித்தேன். "ஆடணும், அப்பதான் நல்லது" என்றவர் ஒரு ரிவெட்டின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பனிக்குளிரில் அது ஜில்லென்று இருந்தது. முந்தின நாள் சத்தம் என்று முகம் சுளித்தவர் அதே ஹாரன்களுக்கு நடுவில்தான் நின்றார்.

விக்டோரியா நினைவகம், பார்க் தெருவின் கிறிஸ்துமஸ் விளக்குகள் எல்லாம் பார்த்தோம். அழகுதான், ஆனால் முதல் இரண்டு நாள் மாதிரி மனதில் ஒட்டவில்லை.

கடைசி நாள் ஸ்டேஷனுக்குத் திரும்ப அவர் ஆசைப்பட்ட மெட்ரோ. அந்த வருடம் மார்ச்சில்தான் திறந்திருந்தார்கள். ஆற்றுக்கு அடியில் போகிற தூரம் 520 மீட்டர், அதைக் கடக்க முக்கால் நிமிடம். ஜன்னலுக்கு வெளியே சுரங்கத்தில் நீல விளக்குகள் ஓடின, பெட்டி முழுக்க செல்போனைத் தூக்கியது, முடிந்துவிட்டது. எஸ்கலேட்டரில் மேலே ஏறி வந்ததும் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"படகுல ஒரு தடவை போயிட்டு வந்துடலாமா?" என்றார்.