ஒரு பரப்பும் ஒரு கிணறும்: வாசகர் தோட்டக் கேள்விகள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை கூட்டுத் தோட்டங்களில் ஒரு துண்டு நிலம் பெற்றவர்கள் எழுதியவை. ஆகவே சொந்த வளவில் தோட்டம் செய்வோரின் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இவர்களுக்கு இடம் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மாதர் சங்கம் ஓர் ஏக்கர் மேட்டுக்காணியைப் பதினாறு குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு ஒரு பரப்பாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. நடுவில் ஒரு பொதுக்கிணறு இருக்கிறது. ஆண்டு முழுவதும் வீட்டுக்கு வேண்டிய மரக்கறியை அதிலிருந்து எடுக்க விரும்புகிறோம். எதை, எப்போது நட வேண்டும், ஐயா? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: எதை நடுவது என்று கேட்குமுன் கோடையில் எவ்வளவு நடலாம் என்று கணக்குப் பாருங்கள், அம்மா. கோடை வெயிலிலும் சோளகக் காற்றிலும் மரக்கறிப் பாத்திக்குச் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் தண்ணீர் வேண்டும். ஒரு பரப்பு என்பது சுமார் 250 சதுர மீற்றர். அதை முழுவதும் பாத்தியாக்கினால் ஒரு குடும்பத்துக்கே நாளுக்கு 1,250 லீற்றரும், பதினாறு குடும்பங்களுக்கு 20,000 லீற்றரும் தேவைப்படும். உங்கள் கிணறு 10 அடி விட்டமுள்ளதாயின், அதில் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீர் என்பது 7,000 லீற்றர் அளவுதான். அப்படியானால் நாள்தோறும் ஏறத்தாழ மூன்று மீற்றர் ஆழத்துக்கு இறைக்க வேண்டும். இறைத்ததெல்லாம் மறுநாள் விடிவதற்குள் ஊறி வரவும் வேண்டும். ஆவணி மாதத்தில் அவ்வாறு ஊறும் கிணற்றை வன்னியின் மேட்டு நிலத்தில் நான் கண்டது குறைவு. ஒருமுறை பங்குனியில் கிணற்றின் நிறைவைப் பார்த்து மயங்கி, இருந்த நிலம் முழுவதும் மிளகாய் வைத்துவிட்டு, ஆடியில் கிணற்றின் அடிச் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே மாரியில் முழுப் பரப்பையும், கோடையில் அதன் காற்பங்கை மட்டும் பயிரிடுவது என்று பதினாறு பேரும் முதலிலேயே உடன்பட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு 60 சதுர மீற்றர் என்றால் நாளுக்கு 300 லீற்றர். எல்லோருக்கும் சேர்த்து 4,800 லீற்றர். கிணற்றில் அது முக்கால் மீற்றருக்கும் குறைவான இறக்கமே. இறைத்து முடிந்த மாலையில் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து, விடியலில் மீண்டும் அளந்து பார்த்தால், அந்தக் கிணறு எவ்வளவைத் தாங்கும் என்பது ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும். அந்த அளவுக்கு ஏற்ப நான் சொன்ன 60 சதுர மீற்றரைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

இனிப் பயிர்களுக்கு வருவோம். ஐப்பசியில் முதல் மழை மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு நனைத்ததும் பயிற்றை, வெண்டி, பூசணி, சோளம் ஆகியவற்றை நேரடியாக விதையுங்கள். எல்லையோரத்தில் மரவள்ளித் தடிகளை ஊன்றலாம். வெண்டி ஒன்றரை மாதத்திலும் பயிற்றை இரண்டு மாதத்துக்குள்ளும் காய்க்கத் தொடங்கும். கார்த்திகை அடைமழையில் தக்காளியையும் மிளகாயையும் திறந்த வெளியில் நட்டு அழுக விடுவதில் பயனில்லை. அந்த நாட்களில் அவற்றின் நாற்றுமேடை பந்தலின் கீழ் இருக்கட்டும். மழை ஓயும் மார்கழிக் கடைசியிலோ தைப் பிறப்பிலோ, தக்காளி நாற்று மூன்று நான்கு வாரமும் கத்தரியும் மிளகாயும் ஐந்து வாரமளவும் ஆனபின் எடுத்து நட்டால், நிலத்தில் ஈரமும் கிணற்றில் நீரும் நிறைந்திருக்கும் நான்கு மாதங்கள் அவற்றுக்குக் கிடைக்கும். வன்னியில் மரக்கறிக்குப் பொற்காலம் தை முதல் சித்திரை வரையான அந்தப் பருவந்தான்.

வைகாசிக்குப் பிறகு கீரை, பச்சைமிளகாய், மட்டம் வெட்டித் துளிர்க்க விட்ட கத்தரி, நாலைந்து வாழை என்பவற்றோடு நிறுத்திக்கொண்டு, பாத்தி முழுவதையும் நாலு விரல் தடிப்புக்கு வைக்கோலால் மூடுங்கள். காணியின் தென்மேற்கு எல்லையில் கிளிசரிடியாவை நெருக்கமாக நட்டு வேலியாக்கினால் சோளகம் தணியும். அதன் தழை பாத்திக்குப் பசளையும் ஆகும்.

இன்னுமொன்று. காணி புதிதாகக் காடு வெட்டித் திறக்கப்பட்டதாயின், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட எல்லைக்குள்தான் அது இருக்கிறதா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு உறுதிசெய்த பின்னரே மண்வெட்டியைத் தொடுங்கள்.

கேள்வி: கூட்டுத் தோட்டத்தில் எனக்குக் கிடைத்த துண்டில் கறுத்தக்கொழும்பான் மா ஒன்று வைக்கலாமா? (வாசகர், பரந்தன்)

பதில்: வைக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும் என்பது உண்மைதான். ஆனால் பத்து ஆண்டுகளில் அதன் நிழல் அயலவரின் பாத்தியில் பாதியை மூடிவிடும், அதற்குப் பின் நடக்கும் பேச்சுவார்த்தைகளைச் சங்கத் தலைவர்தான் தீர்க்க வேண்டியிருக்கும். மாமரத்துக்குரிய இடம் வீட்டு வளவு. கூட்டுத் துண்டில் பழம் வேண்டுமானால் வாழை, பப்பாசி, அல்லது ஆளுயரத்துக்கு மேல் வளர விடாமல் வெட்டிவரும் கொய்யா போதும். கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும் என்பதால் வெட்டுவதால் காய் குறையாது.

கேள்வி: என் தக்காளிச் செடிகள் இலை மஞ்சளாகாமல், பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் வாடி விழுகின்றன. தண்ணீர் போதாமையா? இப்போது பக்கத்துத் துண்டுக் கத்தரியிலும் அதுவே நடக்கிறது. (வாசகர், விசுவமடு)

பதில்: தண்ணீர் போதாமை அன்று, தண்ணீரோடு வந்த நோயாக இருக்கக்கூடும். வாடிய செடியின் அடித்தண்டை விரல் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரில் வெட்டுமுனை படும்படி தொங்க விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால்போன்ற இழை இறங்கினால் அது பக்றீரியா வாடல். தெளித்து மாற்றும் மருந்து இதற்கு இல்லை. செடியை வேரோடும் வேரடி மண்ணோடும் அகற்றி எரித்துவிடுங்கள். குப்பைக் குழியில் போடாதீர்கள்.

இங்கே உங்கள் வாய்க்காலைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். கிணற்றிலிருந்து வரும் ஒரே வாய்க்கால் உங்கள் பாத்தியைக் கடந்து அயலவரின் கத்தரிக்குப் போகுமாயின், நோயையும் அதுவே சுமந்து செல்லும். இந்தப் போகம் முடியும் வரை நோய் கண்ட துண்டுக்குக் கடைசியாகத் தண்ணீர் விடுங்கள், அல்லது குழாய் மூலம் தனியே விடுங்கள். மண்வெட்டியையும் கழுவி வெயிலில் காய வைத்த பின்பே அடுத்த துண்டுக்குக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் தவிர்த்து, சோளமோ பயிற்றையோ போடுங்கள். கத்தரியை விட முடியாதென்றால், சுண்டையின் மேல் ஒட்டிய கன்று இந்நோயைப் பெரிதும் தாங்கும்.

கேள்வி: சந்தையில் வாங்கிய பழத்தின் விதையில் முளைத்த பப்பாசி ஆறில் நான்கு ஆண் மரமாகிவிட்டது. மற்ற இரண்டும் சென்ற மாரியில் பட்டுவிட்டன. (வாசகி, வவுனியா)

பதில்: விதையைப் பார்த்தோ இளங்கன்றைப் பார்த்தோ ஆண், பெண் சொல்ல முடியாது, பூக்கும்போதுதான் தெரியும். ஆண் மரத்தில் பூக்கள் நீண்டு கிளைத்த காம்பில் கொத்தாகத் தொங்கும், பெண் மரத்தில் பருத்த மொட்டுத் தண்டோடு ஒட்டியிருக்கும். ஆகவே ஒரு குழிக்கு ஓரடி இடைவெளியில் மூன்று கன்றுகள் வைத்து, பூத்த பின் ஒன்றை விட்டு மற்றவற்றை வெட்டிவிடுவதே பழைய வழி. ரெட் லேடி போன்ற கலப்பின விதையில் தனி ஆண் மரம் வராது, ஆனால் விதை விலை அதிகம். அதன் பழத்து விதையை மீண்டும் போட்டால் அதே குணம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

பட்டுப்போன இரண்டைப் பற்றி: பப்பாசி வேரில் இரண்டு நாள் வெள்ளம் நின்றாலே மரம் பிழைப்பது அரிது. வன்னியின் செங்கபில மண் மேலே நன்றாக வடிவதுபோலத் தோன்றினாலும், தாழ்ந்த பகுதிகளில் கார்த்திகையில் நீர் தேங்கும். ஒன்றரை அடி உயர மேட்டில் நட்டு, இரு பக்கமும் வடிகால் வெட்டுங்கள். காயிலும் இலையிலும் பஞ்சுபோல வெள்ளை படிந்தால் அது வெண்மூட்டுப் பூச்சி. பப்பாசியைத் தாக்கும் அந்த இனம் 2008இல் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் அதை உண்ணும் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவந்து விடப்பட்டதால் பெருமளவு அடங்கியது. கண்டபடி பூச்சிக்கொல்லி அடித்தால் அந்தக் குளவிதான் முதலில் சாகும்.

கேள்வி: பாகலும் புடோலும் பிஞ்சிலேயே வளைந்து பழுத்து, உள்ளே புழு வைக்கிறது. மாவுக்கென்று விற்கும் பழ ஈப் பொறியை வாங்கித் தொங்கவிட்டும் பயனில்லை. (வாசகர், மல்லாவி)

பதில்: பொறியில் பிழையில்லை, நீங்கள் பிடிக்க விரும்பும் ஈ வேறு. மாவையும் கொய்யாவையும் தாக்கும் ஈயின் ஆண்களை, மாவுக்கென்று விற்கும் பொறியில் வைக்கும் மெதைல் இயூஜினோல் என்ற கவர்பொருள் கவரும். பாகல், புடோல், பீர்க்கு முதலியவற்றைத் தாக்கும் ஈ அதற்கு வராது. அதற்குக் கியூலூர் என்ற வேறு கவர்பொருள் வேண்டும். கடையில் பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் ஆண் ஈயையே பிடிக்கும் என்பதால், பொறி மட்டும் போதாது. பெண் ஈ பிஞ்சின் தோலுக்குள் முட்டையிடும். புழு காயைத் தின்று முடித்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். ஆகவே விழுந்த காய்களை அன்றன்றே பொறுக்கி, கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் ஒரு வாரம் போடுங்கள், அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். பூ உதிர்ந்தவுடன் பிஞ்சைக் கடதாசிப் பையால் மூடுவது எல்லாவற்றிலும் உறுதியான வழி. அயல் துண்டில் அழுகிய காய் கிடக்குமாயின் உங்கள் உழைப்பு பாதி வீண்.

கேள்வி: இரசாயனப் பசளை இல்லாமல் ஒரு பரப்பைச் செய்ய முடியாதா? (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: முடியும், ஆனால் ஒரே போகத்தில் முடியாது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை தளர்த்தப்பட்டதற்கு இடையில் விவசாயிகள் பட்ட பாட்டை நாமெல்லோரும் பார்த்தோம். மண்ணில் சத்தைச் சேர்த்து வைக்காமல் பசளையை மட்டும் எடுத்துவிட்டால் விளைவு அதுதான். நன்கு மக்கிய மாட்டெருவைச் சதுர மீற்றருக்கு 1 கிலோவுக்குக் குறையாமல் போகந்தோறும் இட்டு, கிளிசரிடியாத் தழையையும் புதைத்து வாருங்கள். இரசாயனப் பசளையைப் போகத்துக்குப் போகம் படிப்படியாகக் குறையுங்கள். உங்கள் பக்கத்து மணல் மண்ணில் எரு விரைவாகக் கரைந்துவிடும் என்பதால், ஒரேயடியாக இடாமல் இரண்டு மூன்று தடவையாக இடுவது நல்லது. ஐயமிருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

கேள்வி: குரங்கும் மயிலும் எதையும் விட்டுவைப்பதில்லை. என்ன செய்யலாம்? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: முழுத் தீர்வு என்று சொல்பவரை நம்பாதீர்கள். நாற்று வேர்கொள்ளும் வரை வலையால் மூடினால் மயிலிடமிருந்து தப்பலாம். குரங்குக்கு வெருளி இரண்டு நாள் வேடிக்கை, மூன்றாம் நாள் அதன் தோளிலேயே ஏறி உட்காரும். என் அனுபவத்தில் பாகல், மிளகாய், மஞ்சள் மூன்றையும் அது அதிகம் நாடுவதில்லை. ஆகவே காட்டுப் பக்கத்து எல்லையில் அவற்றையும், சோளம், பப்பாசி போன்றவற்றைக் கிணற்றடிக்கு அருகில் ஆள் நடமாட்டமுள்ள இடத்திலும் வையுங்கள். பதினைந்து இருபது பேர் முறைவைத்துக் காலையிலும் மாலையிலும் காவல் இருக்க முடிவதே கூட்டுத் தோட்டத்தின் பெரிய வாய்ப்பு.

வீட்டு மின்சாரத்தை நேரடியாக எடுத்து வேலிக் கம்பியில் விடும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இப்போதே கைவிடச் சொல்லுங்கள். அது சட்டப்படி குற்றம். அதில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். இருள் பிரியாத வேளையில் தண்ணீர் முறைக்காக அந்த வேலியைக் கடந்து கிணற்றடிக்கு வருகிறவர் உங்கள் சங்கத்துப் பெண்ணாகவே இருப்பார்.