பழைய பிரிட்டிஷ் வார காமிக்ஸ் இதழ்களைச் சேகரிக்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம், எங்கே ஏமாறுவோம்?

முதல் இதழ்களிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். 'டேண்டி' 1937 டிசம்பரில் வந்தது, 'பீனோ' 1938 ஜூலையில். இரண்டுமே ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து டி.சி. தாம்சன் நிறுவனத்தின் பிள்ளைகள். டேண்டியின் முதல் இதழ் ஒன்று, அதோடு இலவசமாகக் கொடுத்த விசிலும் சேர்ந்து, 2004-இல் 20,000 பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. நமக்கு எதற்கு அந்த வம்பு? போதாததற்கு, இந்த முதல் இதழ்களை அச்சு அசலாக மறுபதிப்பும் செய்திருக்கிறார்கள். அந்த மறுபதிப்புகளுக்கும் இப்போது வயதாகிவிட்டது. பழுப்பேறிய ஒன்றை அசல் என்று தலையில் கட்டிவிடுவது சுலபம்.

நான் தொடங்கியது இரும்புக்கை மாயாவியிலிருந்து. 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தாரே, அவரேதான். அவர் பிறந்தது 'வேலியன்ட்' என்ற ஆங்கில வார இதழில், 1962 அக்டோபர் 6 தேதியிட்ட முதல் இதழிலேயே. அங்கே அவர் பெயர் ஸ்டீல் க்ளா.

வேலைக்காக மூன்று வருடம் இங்கிலாந்தில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மைதானத்தில் வரிசையாகக் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்து, வீட்டுப் பழைய சாமான்களை விற்பார்கள். அங்கேதான் முதல் வேலியன்ட் கைக்கு வந்தது. ஆசையாகப் பிரித்தால் மாயாவி மொத்தமே இரண்டு பக்கம். கடைசிக் கட்டத்தில் கதை அந்தரத்தில் நிற்கிறது. மீதி அடுத்த வாரம். சின்ன வயதில் ஒரே மூச்சில் முழுக் கதையும் படித்துப் பழகியவனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நாலைந்து இதழ் தொடர்ச்சியாகக் கிடைத்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. மாயாவி கதைகளில் எதற்கு ரெண்டு பக்கத்துக்கு ஒரு தடவை யாராவது எங்கிருந்தாவது விழுகிறார்கள், ஏதாவது வெடிக்கிறது என்று சிறு வயதில் யோசித்திருக்கிறேன். அது வாரக் கெடு. ஒவ்வொரு வாரமும் ஒரு பையனை மறுபடி கடைக்கு இழுத்து வர வேண்டும். ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர் அந்தக் கடைசிக் கட்டத்துக்காகவே இரண்டு பக்கத்தையும் கட்டிக்கொண்டு போவார். முழுப் புத்தகத்தில் இது தெரியவே தெரியாது.

அதனால் என் யோசனை: உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டு, அது ஓடிய ஏதாவது ஒரு வருடத்து இதழ்களை மட்டும் சேருங்கள். ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு) ரோபோ ஆர்ச்சியும் பிடிக்கும் என்றால் 'லயன்'. சிவகாசியிலிருந்து தமிழில் வரும் லயன் காமிக்ஸைச் சொல்லவில்லை, 1952-இல் லண்டனில் தொடங்கிய லயன். ஆர்ச்சி அதன் முதல் இதழிலேயே வந்தார், ஸ்பைடர் 1965-இல் வந்தார். ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். இதழில் அவர் பெயரைத் தேடாதீர்கள், அந்தக் காலத்தில் எழுதியவர், வரைந்தவர் பெயரையெல்லாம் போடமாட்டார்கள். அறுபது எழுபதுகளின் சாதாரண லயன், வேலியன்ட் இதழ்கள் இன்றும் சில பவுண்டுகளுக்குக் கிடைக்கும்.

பட்டியல் போடும்போது ஒரு சிக்கல் வரும். இந்த இதழ்கள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டே இருந்தன. லயன் 1966-இல் 'சாம்பியன்' இதழையும், 1969-இல் புகழ்பெற்ற 'ஈகிள்' இதழையும் விழுங்கியது. 1974-இல் லயனை வேலியன்ட் விழுங்கியது, 1976-இல் வேலியன்ட்டை 'பேட்டில்' விழுங்கியது. பிறப்பு, கல்யாணம், கருமாதி என்று அந்தத் தொழிலில் இருந்தவர்களே கிண்டல் செய்வார்களாம். நீங்கள் துரத்தும் தொடர் பாதியில் நின்றால், அது வேறு பெயருள்ள இதழில் தொடர்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, இடைவெளி இருந்தாலே இதழ் தொலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் 1941 முதல் 1949 வரை பீனோவும் டேண்டியும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மாறி மாறித்தான் வந்தன. 1970 கடைசியில் வேலைநிறுத்தத்தால் வேலியன்ட் பல வாரம் வரவே இல்லை. நான் அந்த வாரங்களின் இதழ்களை மாதக்கணக்கில் தேடினேன்!

சரி, ஏமாந்த கதை. இணையத்தில் ஒருவரிடம் 40 வேலியன்ட் இதழ்களைக் கட்டாக வாங்கினேன். எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றார். பொய் சொல்லவில்லை, பக்கமெல்லாம் இருந்தன. ஆனால் 11 இதழ்களில் எந்தப் பையனோ கூப்பனைக் கத்தரித்து அனுப்பியிருக்கிறான். கூப்பனுக்குப் பின்பக்கம் என்ன இருந்தது தெரியுமா? மாயாவியின் கடைசிக் கட்டம். ஆகவே விற்பவரிடம் "பக்கம் எத்தனை?" என்பதோடு, "எங்காவது வெட்டியிருக்கிறதா?" என்றும் கேளுங்கள். நடுப்பக்கத்தின் படமும் கேளுங்கள், அந்தத் தாள்தான் முதலில் ஸ்டேப்ளர் பின்னிலிருந்து கழன்று காணாமல் போகும்.

அட்டையின் மேல் ஓரத்தில் பென்சிலில் ஒரு பெயரோ வீட்டு எண்ணோ இருந்தால் பயப்பட வேண்டாம். பேப்பர் போடும் பையனுக்காகக் கடைக்காரர் எழுதியது. வியாபாரிகள் அதற்கு விலையைக் குறைப்பார்கள். எனக்கு அப்படிப்பட்ட இதழ்தான் பிடிக்கும், எந்த வீட்டு வாசலில் விழுந்தது என்பது வரை தெரிகிறதே.

'ஆக்ஷன்' என்ற இதழின் 1976 அக்டோபர் 23 தேதியிட்ட பிரதி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் உஷார். வன்முறை அதிகம் என்று கிளம்பிய எதிர்ப்பில் அந்த இதழைக் கடைக்கே அனுப்பாமல் கூழாக்கிவிட்டார்கள். தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

பாதுகாப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மட்டமான செய்தித்தாள் காகிதம், வெயில் பட்டால் அப்பளம் மாதிரி உடையும். செல்லோ டேப், லேமினேஷன் இரண்டும் கூடாது. படுக்கை வாட்டில் அடுக்குங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பின் துருப்பிடிப்பதும் ராமபாணப் பூச்சி வருவதும் நிச்சயம், மாதம் ஒரு முறை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அப்புறம், தபால் செலவு பல நேரம் இதழ் விலையைத் தாண்டிவிடும். தனித்தனியாக வாங்காமல் கட்டாக வாங்குங்கள்.

கதை படித்தால் போதும் என்றால் இதெல்லாம் தேவையே இல்லை. லயன், வேலியன்ட் இதழ்களின் உரிமையை இப்போது ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ரெபெலியன் நிறுவனம் வைத்திருக்கிறது. ஸ்டீல் க்ளா, ஸ்பைடர் இரண்டையும் நல்ல தாளில் தொகுப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

என்னுடைய அந்த 11 வெட்டுப்பட்ட இதழ்களில் ஒன்பதுக்கு மாற்று கிடைத்துவிட்டது. மீதி இரண்டும் 1965-ஐச் சேர்ந்தவை. தொகுப்பை வாங்கினால் அந்தக் கட்டங்களைப் பார்த்துவிடலாம்தான். இன்னும் வாங்கவில்லை.