கதிர்வீச்சு நேரத்தில் தங்க பஸ்பம் கொடுக்கலாமா?

குலசேகரத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும், நாக்குப் புற்றுக்காகத் திருவனந்தபுரத்தில் கதிர்வீச்சும் வாரந்தோறும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் பெற்றுவரும் அப்பாவுக்குத் தங்க நானோ துகள் சிகிச்சையைக் கொடுக்காமல் விட்டுவிட்டோமோ என்ற தவிப்புதான் மேலோங்கி நிற்கிறது. நீங்கள் எதையும் விட்டுவிடவில்லை.

தங்கம், ஹாஃப்னியம் போன்ற கனமான உலோக அணுக்கள் கதிரை மிகுதியாக உறிஞ்சி, புற்றணுக்களைத் தாக்கும் எலெக்ட்ரான்களை வெளியேற்றும். அவற்றில் பல மிகக் குறுகிய தொலைவே பாய்வதால், துகள் கட்டிக்குள்ளேயே இருந்தால்தான் பயன். 2004இல் எலிகளில் தங்கத் துகள் பலன் தந்தது உண்மை. ஆனால் அதில் பயன்படுத்தியது குறைந்த ஆற்றலுள்ள எக்ஸ்-கதிர். அப்பாவுக்குத் தரப்படும் உயர் ஆற்றல் கதிரில் அந்தக் கூடுதல் உறிஞ்சல் வெகுவாகக் குறைந்துவிடும். மனிதர்களில் ஹாஃப்னியம் ஆக்சைடு துகளைக் கட்டிக்குள் ஊசியால் செலுத்தி மென்திசுப் புற்றில் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. அறுவைக்குமுன் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதத்தினருக்கும், துகளும் சேர்த்துப் பெற்றவர்களில் 16 சதவீதத்தினருக்கும் கட்டியில் உயிருள்ள புற்றணுக்கள் ஏறக்குறைய இல்லாமற்போயின. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனாலும் வாய்ப்புற்றுக்கு இது வழக்கமான சிகிச்சையாகிவிடவில்லை.

யூடியூபில் பார்த்துவிட்டு மூன்று நாளாகத் தங்க பஸ்பத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இன்றே நிறுத்துங்கள். சித்த மருத்துவத்தின்மீது எனக்கு மதிப்புண்டு. ஆனால் வயிற்றுக்குள் போகும் பஸ்பம் நாக்கிலுள்ள கட்டியில் போய்ச் சேர்ந்து கதிருக்கு உதவாது. சிஸ்பிளாட்டினே சிறுநீரகத்தைச் சோதிக்கும் மருந்து. அதன்மேல் என்ன கலந்திருக்கிறதென்று தெரியாத உலோகப் பொடியை ஏற்றக் கூடாது.

பேரக்குழந்தை தாத்தாவின் மடியில் தாராளமாக உட்காரலாம். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடலில் தங்காது. நோய்க்குக் காரணம் மணவாளக்குறிச்சியின் கதிரியக்க மணலோ என்ற சந்தேகத்தையும் மறந்துவிடுங்கள். அப்பா முப்பது ஆண்டு வெற்றிலையோடு புகையிலை போட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன காய்ச்சல்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. வாய்ப்புண்ணும் சிஸ்பிளாட்டினும் சேர்ந்திருக்கும்போது வெள்ளணுக்கள் குறைந்திருந்தால், கிருமி சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவிவிடும். வெப்பமானியில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், நள்ளிரவானாலும், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காமல், அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசென்று, கீமோ நடப்பதை முதலில் சொல்லுங்கள். முன்பு வந்த காய்ச்சலைப் பற்றியும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் இன்றே தொலைபேசியில் பேசுங்கள். அடுத்த சிஸ்பிளாட்டினுக்கு முன் அந்தப் பஸ்பப் பொட்டலத்தையும் அவரிடம் காட்டி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள்.