மோட்டாரை மாற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரில் இருக்கிறோம். மூன்று வருடப் பழைய டிஷ்வாஷர். சில வாரங்களாக ஓடும்போது பயங்கரச் சத்தம். டம்ளர்களில் வெள்ளைப் படலம், தட்டுகளில் பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கிறது. வந்து பார்த்தவர் மோட்டார் போய்விட்டது என்கிறார். புதிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்:

வாங்க வேண்டாம். மோட்டாருக்கும் இப்போதே பணம் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் இதே சத்தம், இதே படலம், இதே தீர்ப்பு எல்லாம் நடந்தது. கடைசியில் மோட்டார் நன்றாகவே இருந்தது.

2023 ஜூனில் மல்லேஸ்வரத்திலிருந்து கக்கதாசபுராவுக்குக் குடி மாறினோம். மல்லேஸ்வரத்தில் நான்கு வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாமல் ஓடிய இயந்திரம். புது வீட்டில் ஒரு மாதம்கூட ஆகவில்லை, பக்கத்து அறையில் படுத்தால் தூக்கம் வராத அளவுக்கு உறுமல். வந்தவர் ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கேட்டார், "மோட்டார், பன்னிரண்டாயிரம் ஆகும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே இயந்திரம், அதே பவுடர், அதே பாத்திரங்கள். மாறியது வீடு மட்டும்தானே?

வீடு மாறினால் பெங்களூரில் தண்ணீரும் மாறும். மல்லேஸ்வரத்தில் எங்களுக்கு வந்தது காவேரி. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, மேட்டிலிருக்கும் இந்த ஊருக்கு பம்ப் செய்து அனுப்புகிற ஆற்றுத் தண்ணீர். கக்கதாசபுராவில் எங்கள் கட்டடத்துக்குப் போர்வெல், அது பத்தாத நாளில் டேங்கர். இரண்டும் தரைக்கு அடியில் இருக்கும் ஒரே தொட்டியில், அதாவது சம்ப்பில், விழும். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றியபோது டேங்கரை நம்பியே நாட்களை ஓட்டினோம். அதனால் உங்களிடம் என் முதல் கேள்வி: இந்தச் சில வாரங்களில் உங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வாட்ச்மேனிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்.

சரி, சத்தத்துக்கு வருவோம். "சத்தம் வருகிறது" என்று சொல்வதைவிட, எப்போது வருகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். ஒரு நாள் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் பெரும்பாலும் முதலில் அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரை வெளியே தள்ளும், பிறகு புதுத் தண்ணீர் பிடிக்கும், அதன் பிறகுதான் பீய்ச்சிக் கழுவும்.

தண்ணீரை வெளியே தள்ளும் நேரத்தில் மட்டும் கரகரவென்று வந்தால், வடிகால் பம்பில் ஏதோ சிக்கியிருக்கிறது. எலுமிச்சை விதை, கறிவேப்பிலைக் காம்பு, உடைந்த கண்ணாடிச் சில்லு, எதுவாகவும் இருக்கலாம். பல இயந்திரங்களில் ஃபில்டரைக் கழற்றி, குழியில் நிற்கும் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் பம்பின் சின்ன மூடி தெரியும். அதைத் திறந்து உள்ளே இருக்கும் குட்டிச் சக்கரம் விரலுக்குச் சுற்றுகிறதா என்று பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கண்ணாடிச் சில்லு கையைக் கிழித்துவிடும், தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கழுவும்போது ஒரே தாளத்தில் டக் டக் என்று கேட்டால், உள்ளே தண்ணீரைப் பீய்ச்சியபடி சுழலும் கை எதையோ இடிக்கிறது. கீழ்த் தட்டு வழியாக நீட்டிக்கொண்டிருக்கும் கரண்டிக் காம்போ, மேல் கைக்குத் தட்டுப்படும் உயரமான குக்கர் பாத்திரமோதான் எங்கள் வீட்டில் எப்போதும் காரணம். பாத்திரம் அடுக்கியதும் இயந்திரத்தின் இரண்டு கைகளையும் விரலால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். தண்ணீர் பிடிக்கும்போது மட்டும் குழாயில் டொம் என்று அடித்தால் அது வெளியே இருக்கும் குழாய்ப் பிரச்சினை, சுவரில் கிளிப் போட்டு இறுக்கினால் அடங்கும்.

எங்களுக்கு வந்தது இது எதுவுமில்லை. கழுவும்போது, விட்டுவிட்டு வரும் உறுமல். கொஞ்ச நேரம் சரியாக ஓடும், பிறகு மிக்ஸியில் தண்ணீர் விடாமல் அரைப்பது போல உறுமும், மறுபடி அடங்கும். உள்ளே போதுமான தண்ணீர் இல்லாமல் பம்ப் காற்றை இழுக்கும்போது இப்படித்தான் கேட்கும். வந்தவர் இதைக் கேட்டுத்தான் மோட்டார் என்றார். அவரைத் தப்பு சொல்ல முடியாது, பம்பிலிருந்துதான் சத்தம் வருகிறது. ஆனால் பம்பால் வரவில்லை.

தண்ணீர் ஏன் போதவில்லை? குழாயை மூடிவிட்டு, இயந்திரத்துக்குப் போகும் ஹோஸை முனையில் கழற்றினேன். உள்ளே விரல்நுனி அளவு ஒரு சின்ன வலை உண்டு, மணல் உள்ளே போகாமல் தடுக்க. கூர்மூக்கு இடுக்கியால் வெளியே இழுத்தபோது அது வலை மாதிரியே இல்லை. செம்மண்ணும் வெள்ளைச் சுண்ணாம்பும் சேர்ந்து, காய்ந்த சந்தனம் போல அப்பியிருந்தது. பழைய டூத் பிரஷால் தேய்க்கத் தேய்க்க சிங்க் முழுக்கச் சிவப்பு. டேங்கர் தண்ணீர் வரும் வீடுகளில் இந்த வலையை மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அப்புறம் அழுத்தம். நாங்கள் மேல்மாடி. தலைக்கு மேலேயே டேங்க் இருப்பதால் தண்ணீர் வேகமாக வரும் என்று நினைத்திருந்தேன். கணக்கு நேர்மாறு. ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். பல டிஷ்வாஷர்கள் குறைந்தது 0.5 பார் கேட்கின்றன, அதாவது டேங்கின் தண்ணீர் மட்டம் குழாயிலிருந்து ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டரை மீட்டர்கூடத் தேறவில்லை. உங்கள் இயந்திரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். நீங்களும் மேல்மாடி என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். நாங்கள் ஒரு சின்ன பிரஷர் பம்ப் வைத்தோம். வலையைச் சுத்தம் செய்த அன்றே உறுமல் பாதி குறைந்தது, பம்ப் வைத்ததும் முழுதாக நின்றது.

உங்களுக்கு அழுத்தம் சரியாக இருந்தும் உறுமினால் இன்னும் இரண்டு காரணங்கள். கிண்ணங்களை நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் அவற்றிலேயே தங்கிவிடும், பம்புக்குக் குறையும். கையால் கழுவும் லிக்விட் தவறி விழுந்திருந்தால் நுரை பொங்கி, பம்ப் தண்ணீருக்குப் பதில் நுரையை இழுக்கும்.

சத்தம் போனாலும் பருக்கை போகவில்லை. ஃபில்டரைப் பார்த்தேன், ஓரளவு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் திருகிப் பூட்டும் இடம் சரியாக உட்காரவில்லை. வீடு மாற்றும்போது நகர்ந்திருக்கும். அந்த இடுக்கு வழியாகத் துணுக்குகள் உள்ளே போய், சுழலும் கைகளில் ஏறிவிட்டன. கீழ்க் கையைக் கழற்றி ஆட்டினேன், கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கேட்டது! பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி, குழாயடியில் பிடித்து அலசியதில் வந்தவை: கடுகு, புளி நார், முட்டை ஓடு போல மெல்லிய வெள்ளைச் சில்லுகள். துளை அடைத்தால் தண்ணீர் பாத்திரத்தில் படாது, கையும் ஒழுங்காகச் சுற்றாது. நம் சமையலில் தாளிப்பு இல்லாத நாள் இல்லையே. அதனால் தட்டைக் குழாயில் கழுவ வேண்டியதில்லை, ஆனால் குப்பைத் தொட்டியில் நன்றாக வழித்துவிட்டு வையுங்கள். ஃபில்டரை வாரம் ஒரு முறை கழுவி, பூட்டும் அடையாளம் நேராக வரும்வரை திருகுங்கள்.

இனி வெள்ளைப் படலம். அந்தச் சமயத்தில் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தார். காபி டபராவைக் கையில் எடுத்தவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பிழிந்து போட்டிருந்த எலுமிச்சை மூடியை எடுத்து ஒரு தேய் தேய்த்தார். தேய்த்த இடம் மட்டும் பளிச்சென்று எவர்சில்வராக மின்னியது. "இது அழுக்கு இல்லடி, உப்புப் பூத்திருக்கு" என்றார். நீங்களும் அதையே செய்து பாருங்கள். எலுமிச்சையில் போனால் தண்ணீரின் கடினம். கண்ணாடி டம்ளரில் எத்தனை தேய்த்தாலும் போகாத மங்கல் என்றால் கண்ணாடியே அரித்திருக்கிறது, அது திரும்பாது.

நாம் உப்புத் தண்ணீர் என்று சொல்வதில் படிவது சமையல் உப்பு இல்லை, சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும். இவை எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் தண்ணீரின் கடினம். அவற்றைப் பிடித்துக்கொள்ள டிஷ்வாஷருக்குள் பிசின் மணிகள் நிறைந்த ஒரு பகுதி உண்டு. மணிகள் நிறைந்துவிட்டால் அவற்றைக் கழுவிப் புதுப்பிக்கத்தான் டிஷ்வாஷர் உப்பு. ஆக, உப்புத் தண்ணீரைச் சரி செய்ய உப்பே போடுகிறோம். எவ்வளவு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்று இயந்திரம் தானாகக் கண்டுபிடிக்காது, பெரும்பாலானவற்றில் நாம்தான் தண்ணீரின் கடினத்தைச் சொல்லி வைக்க வேண்டும். நாங்கள் மல்லேஸ்வரத்தின் காவேரித் தண்ணீருக்கு வைத்த 1ஆம் நிலையிலேயே விட்டிருந்தோம்.

கடினம் பார்க்கும் பட்டைகள் ஆன்லைனில் கிடைக்கும். டிடிஎஸ் மீட்டரை நம்பி இதைச் செய்யாதீர்கள், அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். எங்கள் குழாயில் 450 பிபிஎம் வந்தது. கையேடுகளில் ஜெர்மன் டிகிரி இருக்கும், பிபிஎம்மை 17.8 ஆல் வகுத்தால் அது கிடைக்கும். எங்களுக்கு 25, இயந்திரத்தில் அது 6ஆம் நிலை. மாற்றினேன். இரண்டு மாதம் வந்த உப்பு இப்போது இரண்டு வாரத்தில் தீர்கிறது, ஆனால் டபரா டபராவாக இருக்கிறது.

ஏற்கெனவே படிந்ததை எடுக்க, கையேடு அனுமதித்தால், வெறும் இயந்திரத்தின் அடியில் சுமார் 100 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், தூவி அதிகச் சூட்டில் ஒரு முறை ஓடவிடுங்கள். அதையோ பவுடரையோ டிஷ்வாஷர் உப்பு போடும் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அந்தப் பெட்டியில் சமையலறைப் பொடி உப்பும் கூடாது, அதில் கட்டியாகாமல் இருக்கக் கலப்பவை அடைத்துக்கொள்ளும். டிஷ்வாஷர் உப்பு போட்டதும் சிந்தியது எஃகை அரிக்காமல் இருக்க உடனே ஒரு முறை ஓடவிட வேண்டும். கடைசி அலசலில் சேரும் திரவமான ரின்ஸ் எய்ட் தீர்ந்திருந்தால் நிரப்புங்கள். இட்லித் தட்டுகளைப் பிரித்து வையுங்கள், மாவு காய்ந்த குழிகளுக்குத் தண்ணீர் நேராகப் பட வேண்டும். எண்ணெய் வாணலி இருக்கும் நாளில் ஈகோ புரோகிராம் வேண்டாம், 65 அல்லது 70 டிகிரி வையுங்கள். அலுமினியமும் இரும்புத் தோசைக்கல்லும் வெளியிலேயே இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும், தண்ணீர் முழு அளவு இருக்கும்போதே, கழுவும் நேரம் முழுக்க ஒரே சீராகக் கீச்சென்றோ இரும்பு உரசுவது போலவோ சத்தம் வந்தால், பேரிங் தேய்ந்திருக்கலாம். அடியில் தண்ணீர்க் கசிவும் இருந்தால் பம்பின் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எதிரிலேயே ஓடவிட்டு, சத்தம் வரும் நேரத்தில் கதவைத் திறந்து ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடச் சொல்லுங்கள். சத்தம் அடங்கிவிட்டால் மோட்டார் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.