பதில்: தைபொயிட் ஊசி போட்டும் வைடால் டெஸ்டில் எச் 160 வந்திருக்கிறது

வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறீர்கள், இரண்டு மாதத்துக்கு முன் வீஐ (Vi) என்ற தைபொயிட் தடுப்பூசி போட்டீர்கள், காய்ச்சல் இல்லாமலே வைடால் (தைபொயிட்டுக்குச் செய்யும் இரத்த டெஸ்ட்) செய்து பார்த்ததில் ஓ இல்லை, எச் மட்டும் 160. ஊசி வேலை செய்யவில்லையா என்று பயப்படுகிறீர்கள். அதை அந்தப் பேப்பரால் சொல்லவே முடியாது.

நான் லேபில் வேலை செய்கிறவன். ஸ்லைடில் உங்கள் சீரத்தோடு (இரத்தத்தின் தெளிந்த நீர்) நீலத் துளி ஒன்றும் சிவப்புத் துளி ஒன்றும் கலந்து ஆட்டுவோம். ரவை போலத் திரிந்தால் பொசிட்டிவ். நீலம் கிருமியின் உடம்புக்கு (ஓ), சிவப்பு அதன் வாலுக்கு (எச்). நீங்கள் போட்ட ஊசியில் இருப்பதோ கிருமியின் மேலுறைச் சர்க்கரை (வீஐ) மட்டும். அதற்கு எதிராக உண்டாகும் வீஐ பிறபொருளெதிரியை வைடால் தொடுவதே இல்லை. அதற்கு எலைசா என்ற வேறு டெஸ்ட் உண்டு. பெரும்பாலும் ஆய்வுக்குத்தான் செய்வார்கள்.

எச் 160 என்றால் சீரத்தை 160 மடங்கு ஐதாக்கினாலும் திரிகிறது என்று அர்த்தம். அது பழைய தொற்றின் மிச்சமாக இருக்கலாம், தைபொயிட் கிருமியின் இனமான வேறு சால்மொனெல்லாக் கிருமிகளாலும் வரலாம். 1896இல் வந்த டெஸ்ட் இது, சுகமாக இருக்கிற ஆளுக்கு இதைச் செய்வது வீண் செலவு என்பேன்.

ஆனால் ஊசி முழுக் கவசமும் இல்லை. மூன்று வருடத்தில் திரும்பப் போட வேண்டும், கை கழுவுவதையும் கொதித்தாறிய தண்ணீரையும் விடாதீர்கள். காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் டொக்டரிடம் போங்கள். அன்டிபயோடிக் தொடங்க முதல் பிளட் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) எடுக்கலாமா என்று கேளுங்கள்.