மலை மேல் கல்யாணம்: மண்டபத்தையும் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் பதினாறு அறை உள்ள சின்ன விடுதி ஒன்றை நானும் வீட்டுக்காரரும் நடத்துகிறோம். வருஷத்துக்கு ஏழெட்டுக் கல்யாணம் எங்கள் புல்வெளியில் நடக்கும், அதைவிட இரண்டு மடங்கு பேரை "வேண்டாம்ங்க, உங்களுக்குச் சரிப்படாது" என்று நானே திருப்பி அனுப்புவேன். அக்கா என்றும் மேடம் என்றும் கூப்பிட்டு வந்து சேர்ந்த கேள்விகளில் சில இங்கே.

பையனுக்கு மலையில், சின்ன விடுதியில் கல்யாணம் வைக்க ஆசை. 20 அறைதான். ஆனால் புல்வெளியில் 300 பேர் உட்காரலாம் என்கிறார் முதலாளி. எங்கள் பக்கமே 250 பேர் வருவார்கள். முடியுமா? (ஈரோட்டிலிருந்து ஒரு அப்பா)

உட்காரலாம், அதில் பொய் இல்லை. உட்கார்ந்தவர்கள் எழுந்தால் எங்கே போவார்கள் என்று கேட்டீர்களா? 20 அறை என்றால் 20 கழிப்பறை. முகூர்த்தத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் அத்தனை கதவும் உள்ளே தாழ் போட்டிருக்கும், ஒவ்வொரு அறையிலும் யாராவது சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருப்பார்கள். அறைக்கு மூன்று பேர் என்று நெருக்கிப் போட்டாலும் 60 பேர்தான் தங்க முடியும், மீதி 190 பேரை ஊருக்குள் நாலைந்து லாட்ஜில் பிரித்துப் போட்டுவிட்டு, காலை ஐந்து மணிப் பனியில் ஒவ்வொரு லாட்ஜ் வாசலிலும் வேன் நிறுத்தி, "பெரிய மாமா இன்னும் குளிக்கவில்லை, வெந்நீர் வரவில்லையாம்" என்று போன் வரும்போது உங்களுக்குக் கல்யாணமே வெறுத்துப் போகும். தண்ணீர் வேறு. எங்களைப் போன்ற விடுதிகளில் கிணறோ ஊற்றோதான், அறைகளுக்கு என்று அளந்து வைத்த தொட்டி. 250 பேர் கை கழுவினாலே பாதித் தொட்டி காலி. செப்டிக் டேங்க் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

நான் சொல்வது இதுதான்: மேலே 70, 80 பேர். தாலி கட்டுவது அங்கே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் ஒரு மண்டபம் பிடித்து ஊரையே கூப்பிட்டு வரவேற்பு வைத்துவிடுங்கள். "என்னை மட்டும் மேலே கூப்பிடவில்லை" என்று சித்தப்பா முறைத்துக்கொள்வார், அது உண்மை. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் பத்திரிகை அடிக்கும் முன்பே நேரில் போய் வெற்றிலைபாக்கு வைத்துச் சொல்லிவிட்டால் பாதிக் கோபம் போகும் என்று பார்த்திருக்கிறேன்.

ஜோசியர் கார்த்திகையில் நல்ல நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். மலையில் அப்போது சுற்றுலாக் கூட்டம் இருக்காதுதானே? (திருப்பூர்)

கூட்டம் இருக்காதுதான், ஏன் என்று யோசித்தீர்களா! தமிழ்க் கல்யாண நாள்காட்டியும் மலையின் நாள்காட்டியும் ஒன்றுக்கொன்று ஆகாத சம்பந்திகள். ஆடி, மார்கழி கிடையாது, புரட்டாசியையும் நிறையப் பேர் தவிர்க்கிறார்கள். பிறகு வரும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை. தென்மேற்குப் பருவமழை நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டித் தீர்க்கும். குன்னூர், கோத்தகிரிக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் நடந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் பக்கம் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அடைத்தது. எல்லா வருஷமும் இப்படி இல்லை. ஆனால் முகூர்த்தத்தை ஒத்திப்போட முடியாது, மழை உங்களுக்காக ஒத்திப்போடாது.

சித்திரை, வைகாசியில் சீசன்: ஊட்டி மலர்க் கண்காட்சி, பள்ளி விடுமுறை, அறை வாடகை இரண்டு மடங்கு, சாலையில் நகராத வண்டிகள். ஆவணி கோத்தகிரிப் பக்கத்துக்கு நன்றாக இருக்கும், மூடுபனி மட்டும் வரும், போட்டோவுக்கு அழகுதான். என் கட்சி தையின் பிற்பாதியும் மாசியும். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். விடியற்காலைக் குளிர் மட்டும் கடுமை, ஊட்டியில் தை மாதம் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படியும். அதனால் மலையில் நாலரை மணி முகூர்த்தம் கேட்காதீர்கள், 9 மணிக்கு மேல் ஒரு நல்ல நேரம் பார்த்துக் கொடுங்கள் என்று ஜோசியரிடமே சொல்லலாம், கொடுப்பார்.

எங்கள் குடும்பத்துக்கு முப்பது வருஷமாகச் சமைக்கும் ஆளைக் கோயம்புத்தூரிலிருந்து கூட்டி வரலாமா? விடுதிச் சமையல் மேல் நம்பிக்கை இல்லை. (பேரூர்)

கூட்டி வாருங்கள், ஆனால் ஒரு நாள் முன்னாடி. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கோத்தகிரியில் 94 வாக்கில். கொதிக்கிறதே என்று கீழே போடுகிற கணக்கில் அரிசியைப் போட்டால் நடுவில் நறுக்கென்று நிற்கும், பருப்பு வேகவே வேகாது. எங்களிடம் வந்த ஒரு மாஸ்டர், பெரிய கை, ஆயிரம் பேருக்கு அசராமல் சமைப்பவர், முதல் அண்டாச் சோற்றை வடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாரே ஒரு பார்வை. அப்புறம் எங்கள் சமையல்கார அம்மா போய், பருப்பு முழுவதையும் குக்கருக்கு மாற்றி, அரிசியை முன்கூட்டியே ஊறவைத்துக் கரையேற்றினார்.

இட்லி மாவு இங்கே ஓர் இரவில் புளிக்காது. கீழேயே அரைத்துப் புளிக்க வைத்துக் கொண்டு வாருங்கள், பாத்திரத்தில் பாதிதான் நிரப்ப வேண்டும், கொண்டை ஊசி வளைவில் பொங்கி டிக்கி முழுக்க மாவாகிவிடும். தயிரும் அப்படித்தான், உறையாது. தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும். சிலிண்டர் கூட விடியற்காலையில் குளிர்ந்துபோய்த் தீ மட்டுப்படும், 19 கிலோ வணிகச் சிலிண்டரில் ஒன்றிரண்டு கூடுதலாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட வேண்டும். வாழையிலை மேட்டுப்பாளையத்தில் ஏற்றிக்கொள்ளலாம். காய்கறியை மட்டும் அங்கே வாங்காதீர்கள்: எங்கள் ஊரில் பிடுங்கிய கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய் ஏலம் போகிறது, அதை நீங்கள் காசு கொடுத்து மறுபடி மலையேற்றுகிறீர்கள்.

இ-பாஸ் எல்லா விருந்தினருக்கும் எடுக்க வேண்டுமா? இலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வைப்பது எங்கள் வழக்கம், தடை உண்டா?

இ-பாஸ் என்கிற இணைய நுழைவு அனுமதி ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வந்தால் வேண்டாம். சீசனில்தான் சிக்கல்: 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும் கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். ஆளாளுக்குக் காரில் வராமல் மேட்டுப்பாளையத்தில் எல்லாரையும் சேர்த்து வேனில் ஏற்றுங்கள். சென்னைக்காரர்கள் நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கிவிடலாம். 50 சீட் பேருந்து வேண்டாம், விடுதிக்குப் போகிற தேயிலைத் தோட்டச் சாலையில் திருப்ப இடம் இருக்காது.

பாட்டில் கூடாது. எவர்சில்வர் டம்ளரும் ஜக்கும் வையுங்கள். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புகூட நீலகிரியில் தடைதான், சோதனைச் சாவடியில் பெட்டி பெட்டியாகப் பிடுங்கிவிடுவார்கள்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் பெங்களூரில் ஆபீஸ் முடித்துவிட்டு இரவே கிளம்பி வருகிறார்கள். ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா?

பந்திப்பூர், முதுமலை வழியாக இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள். எட்டு மணிக்கு மைசூரில் காபி குடித்துக்கொண்டிருந்தால் விடிய விடிய செக்போஸ்ட்டில்தான். மைசூரில் படுத்துவிட்டு விடிந்ததும் கிளம்பச் சொல்லுங்கள். திரும்பும்போது குறுக்கு வழி என்று கல்லட்டி இறக்கத்தில் மட்டும் இறங்க வேண்டாம், 36 கொண்டை ஊசி வளைவு, பிரேக் பிடிக்காமல் போன வெளியூர் வண்டிகள் கொஞ்சம் நஞ்சம் அல்ல.

சாலை அடைத்துக்கொண்டு ஐயர் வர முடியாமல் போனால் என்ன செய்வது? சிரிக்காதீர்கள், அம்மா இரண்டு நாளாகத் தூங்கவில்லை. (ஒரு மணப்பெண்)

சிரிக்கவில்லை, எங்கள் விடுதியிலேயே நடந்திருக்கிறது. கார்த்திகை மழை, மேட்டுப்பாளையம்-கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனைக்கு மேலே மரமும் மண்ணும் சேர்ந்து சாலையில் சரிந்துவிட்டது, ஐயர் கீழே வண்டிக்குள், ஓமக்குண்டம் மேலே தயார். ஓமத்தில் போடும் சமித்துக் குச்சி வேறு ஈரம் குடித்துப் புகைந்துகொண்டிருந்தது. குன்னூர் வழியாகச் சுற்றி வருவதற்குள் நேரம் போய்விடும் என்று தெரிந்ததும் பெண்ணின் அப்பத்தா எழுந்தார். தாலியை எல்லாரும் தொட்டுக் கும்பிடக் கொண்டுபோய், அவரே எடுத்துக் கொடுத்தார், மாப்பிள்ளை கட்டினார். ஐயர் பந்திக்கு வந்து சேர்ந்தார், தட்சிணையும் வாங்கிக்கொண்டார்.

சட்டப்படி செல்லுமா என்று அன்றைக்கு ஒரு மாமா கேட்டார். செல்லும். 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். ஆனால் பதிவு முக்கியம், 90 நாளுக்குள் செய்துவிடுங்கள். அதற்காக மறுபடி மலையேற வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம். பத்திரிகை, விடுதி ரசீது இரண்டையும் பத்திரமாக வையுங்கள். அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள்.

டிஜே, வாணவேடிக்கை, ட்ரோன்?

ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது, இது மலைக்கு மட்டும் இல்லை, நாட்டுக்கே. சீக்கிரம் ஆரம்பித்து ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள், குளிரில் அதற்கு மேல் வெளியே யாரும் ஆடவும் மாட்டார்கள். வெடி வேண்டவே வேண்டாம், சோலையை ஒட்டின இடம், காட்டுமாடு மிரண்டு ஓடினால் அது கல்யாண வீடு என்று பார்க்காது. ட்ரோனை வனத்துறையிடம் கேட்காமல் பறக்கவிடாதீர்கள். சின்ன விடுதிகளில் பெரும்பாலும் பார் லைசென்ஸ் இருக்காது, முதலாளி "பாத்துக்கலாம் சார்" என்றால் அந்த வார்த்தையை நம்பி எதையும் வண்டியில் ஏற்ற வேண்டாம்.

பாட்டிக்கு 81 வயது, மூட்டு வலி. கூட்டி வரலாமா?

மருத்துவர் சரி என்றால் தாராளமாக. முந்தின நாள் மதியமே வந்து சேரட்டும், வேனில் முன் சீட், கையில் எலுமிச்சம்பழம், வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். படியில்லாத தரைத்தள அறை, கழிப்பறையில் கைப்பிடி இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். மலை விடுதிகளில் நல்ல காட்சி தெரியும் அறை எப்போதும் மாடியில்தான் இருக்கும், அதைப் பாட்டிக்குக் கொடுக்கிறேன் என்று பாசத்தில் கெடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, இதை எல்லாருக்கும் சொல்கிறேன்: குளிர்கிறதே என்று கரி அடுப்பையோ தணல் சட்டியையோ மூடிய அறைக்குள் எடுத்துப் போகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மின் ஹீட்டர், ரப்பர் வெந்நீர்ப் பை, இரண்டு கம்பளி, அவ்வளவு போதும்.

நாங்கள் பழனி மலைக்காரர்கள், தாண்டிக்குடி காபித் தோட்டத்தில் வைக்கப் பார்க்கிறோம். நீலகிரிக் கணக்கு பொருந்துமா? (திண்டுக்கல்)

ஊட்டியை விட உங்களுக்குச் சுலபம். கொடைக்கானல் அளவுக்கு உயரம் இல்லை, சோறு வேகும், பாட்டி நடுங்க மாட்டார். பூவுக்கு நிலக்கோட்டைச் சந்தை அடிவாரத்திலேயே இருக்கிறது, மல்லிகை விடியற்காலையில் வாங்கிப் பந்தலுக்கு வாடாமல் கொண்டுவந்துவிடலாம். விருப்பாச்சி வாழைத்தார் இரண்டு சொல்லி வைத்து வாசலில் கட்டுங்கள், தாம்பூலப் பையிலும் பழமாக அதையே போடலாம். மழைக் கணக்கு மட்டும் ஒன்றுதான், ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்பதோடு விடாதீர்கள், உங்கள் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மீந்த சாப்பாட்டை என்ன செய்வது? கீழே என்றால் மண்டபக்காரரே பார்த்துக்கொள்வார்.

பந்தி முடிந்த உடனே, சூடாக இருக்கும்போதே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குச் சொல்லி அனுப்புங்கள், விடுதிக்காரருக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரியும். எச்சில் இலையைத் தோட்டத்தில் கொட்ட விடாதீர்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடிகள் கோயில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெயைத் தேடியே கதவை உடைத்து உள்ளே வருகின்றன, நெய் மணக்கும் பாயச அண்டாவை விடுமா? போன மாசி மாதம் ஒரு வீட்டார் கழுவ அலுத்துப்போய் அண்டாவைப் பின்கட்டில் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிட்டார்கள். காலையில் அது தேயிலைச் சரிவில் இருபதடி கீழே, நக்கி நக்கிப் பளபளவென்று கிடந்தது. வாடகை அண்டா, நசுங்கினதற்கு 800 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.